ஹார்மோனை அடக்கும் மருந்துகள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் பல ஆண்டுகள் தொடரும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. அதைச் சாப்பிடும் காலத்தில் வேறு எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது பயப்பட வேண்டும் என்று கேட்டவர்களே மிகுதி. புரோஸ்டேட், தைராய்டு, குழந்தைப்பேறு என்று வேறு காரணங்களுக்காக ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மருந்து எடுப்பவர்களும் எழுதியிருப்பதால், அவர்களுடைய கேள்விகளையும் இங்கேயே சேர்த்துக்கொண்டேன். பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 46. இடது மார்பில் அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இரண்டு ஆண்டுகளாக டமாக்ஸிஃபன் 20 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். மாதவிடாய் நின்றுவிட்டது. இரவில் மூன்று நான்கு முறை உடம்பு நெருப்பாய்க் கொதித்து, ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்த்து எழுந்துகொள்கிறேன். மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் எங்கள் ஊர் மருத்துவர் பராக்ஸிடின் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன், கொதிப்பும் ஓரளவு தணிந்திருக்கிறது. டமாக்ஸிஃபனை மட்டும் ஆறு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைவிட, போகிற போக்கில் எழுதியிருக்கும் பராக்ஸிடின் என்ற பெயர்தான் என்னை முதலில் நிறுத்தியது. டமாக்ஸிஃபன் விழுங்கிய வடிவத்திலேயே தன் முழு வேலையையும் செய்துவிடுவதில்லை. கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி அதை எண்டாக்ஸிஃபன் என்னும் பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டவேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, செல்லை வளரவிடாமல் பெருமளவு தடுக்கிறது. பராக்ஸிடின் அந்த நொதியையே முடக்கிவிடும். ஃபுளூவாக்ஸெடினும், சிகரெட் பழக்கத்தை விடுவதற்கும் தரப்படும் புப்ரோப்பியானும் இதே வகையைச் சேர்ந்தவை. அதாவது நீங்கள் தினமும் தவறாமல் டமாக்ஸிஃபனை விழுங்கினாலும், உங்கள் உடம்பில் அதன் பலன் குறைந்துகொண்டிருக்கக் கூடும்.

உங்கள் ஊர் மருத்துவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. உடற்கொதிப்பைத் தணிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் பராக்ஸிடினும் ஒன்று, அதனால்தான் உங்களுக்கும் குணம் தெரிந்திருக்கிறது. நீங்கள் டமாக்ஸிஃபன் எடுப்பது அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. கண் மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நின்றாலும், பழைய அட்டையை எடுத்து நீட்டி "இது தினமும் போகிறது" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பராக்ஸிடினையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், பதற்றம், குமட்டல் என்று ஒரு வாரம் படுத்திவிடும். இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். அவர் படிப்படியாகக் குறைத்து, அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத வென்லாஃபாக்ஸின் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார். அதுவும் கொதிப்பைக் குறைக்கக் கூடியதே.

ஆறு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா என்றால், நீங்களாக முடிவெடுத்து நிறுத்த வேண்டாம். குறைந்தது ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலமாக உள்ள நடைமுறை. ஐந்தாண்டோடு நிறுத்தியவர்களைவிடப் பத்தாண்டு தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதனால் இறப்பதும் குறைந்தது என்று 2012-இல் வெளியான அட்லஸ் ஆய்வு காட்டிய பிறகு, சிலருக்குப் பத்தாண்டும் தரப்படுகிறது. வேதனை தாங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு. மாத்திரையைச் சாப்பிடாமலேயே சாப்பிட்டதாகச் சொல்லும்போதுதான் எங்களுக்கு வழி தெரியாமல் போகிறது. ஒரு நாள் மறந்துபோனால், மறுநாள் வழக்கம்போல் ஒன்று மட்டும் சாப்பிடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவை. டமாக்ஸிஃபன் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும், கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், பழுப்பு நிறக் கறையாக இருந்தாலும், "உஷ்ணம்" என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் உறையும் தன்மையும் சற்றுக் கூடுகிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நேரம். காசிக்கு இரண்டு நாள் ரயிலில் போவதென்றால் மணிக்கொரு முறை எழுந்து பெட்டிக்குள் நடங்கள். மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவை சிகிச்சை வந்தால் சில வாரங்களுக்கு முன்பே மருந்தை நிறுத்த வேண்டியிருக்கலாம், அதை இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டமாக்ஸிஃபன் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படக் கூடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கருத்தரிக்காது என்று 46 வயதில் நம்பிவிடக் கூடாது. இந்த மருந்து கருவைப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒன்பது மாதம் வரையிலும் ஆணுறை, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை வேண்டும். கருத்தடை மாத்திரை கூடாது. கோயில் விசேஷத்துக்காகவும் கல்யாண வீட்டுக்காகவும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் "தள்ளிப்போடும் மாத்திரை"யும் ஹார்மோன்தான் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதன் பக்கம் போகவே கூடாது.

கேள்வி: டமாக்ஸிஃபன் சாப்பிடும் என் அக்காவுக்கு, "புற்றுநோய் திரும்ப வராது" என்று சொல்லி உறவினர் ஒருவர் மஞ்சளும் மிளகும் சேர்ந்த காப்ஸ்யூல் வாங்கித் தந்திருக்கிறார். இன்னொருவர் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் தருகிறார். இயற்கைப் பொருள்தானே, சாப்பிடட்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: ரசத்தில் போடும் மிளகுக்கும் குழம்பில் போடும் மஞ்சளுக்கும் எந்தத் தடையும் இல்லை, உங்கள் அக்கா வழக்கம்போல் சாப்பிடட்டும். காப்ஸ்யூல் என்பது வேறு கதை. ஒரு குடும்பத்துக்கு நாள் முழுவதும் சமைத்தாலும் சேராத அளவு, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை அதில் செறித்து வைத்திருக்கிறார்கள், அது குடலில் நன்றாக உறிஞ்சப்படட்டும் என்றே மிளகுச் சாற்றையும் சேர்க்கிறார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் டமாக்ஸிஃபன் எடுக்கும் பெண்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, மேலே சொன்ன எண்டாக்ஸிஃபனின் அளவு இரத்தத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக 2019-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நோயைத் தடுக்கும் என்று வாங்கிய ஒன்று, நோயைத் தடுக்கும் மருந்தைக் குறைக்கிறது என்றால் அதை எதற்காகச் சாப்பிட வேண்டும்? தண்ணீர்விட்டான் கிழங்கில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தன்மையுள்ள தாவரப் பொருள்கள் இருப்பதால், ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை நடக்கும்போது அந்த லேகியத்தையும் தவிர்ப்பதே நல்லது. உறவினர் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் இருந்துவிடலாம்.

கேள்வி: 63 வயதாகும் நான் ஒன்றரை ஆண்டாக லெட்ரோசோல் 2.5 மி.கி. எடுக்கிறேன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை, வாசலில் கோலப்பொடியைச் சிட்டிகை பிடிக்க முடியாமல் கொட்டிவிடுகிறேன். எலும்பு தேய்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசியும் போடுகிறார்கள். இது வாதமா, மருந்தா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பாலும் மருந்துதான் அம்மா, இருந்தாலும் ஒரு முறை வாத நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது தவறில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடம்பில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு இல்லாமல் போய்விடுவதில்லை. கொழுப்புத் திசுவிலும் தசையிலும் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் அந்தக் கடைசி ஊற்றையும் அடைத்துவிடுகின்றன. மூட்டு இறுக்கமும் எலும்பு மெலிவும் அதன் விளைவே. உட்கார்ந்திருந்தால் இறுக்கம் கூடும், நடந்தால் குறையும். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை அமிழ்த்தி, விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, அதன் பிறகு வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அதற்கும் தாங்கவில்லை என்றால் மூன்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சிலருக்கு வலி குறைகிறது. எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றினால் மட்டும் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் ஒன்று தொடக்கத்திலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் எடுக்க வேண்டும். நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் சேர வேண்டும் என்பது கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, பாலும் தயிரும் மோரும் சேர்ந்தால் முக்கால் தூரம் வந்துவிடலாம், மீதிக்கு மாத்திரை. நீங்கள் சொல்லும் ஊசி ஸோலெட்ரானிக் அமிலமாக இருந்தால், பல் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்த ஊசி போடும் காலத்தில் பல் பிடுங்கினால், மிக அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகிவிடும். சொத்தைப் பல் ஏதேனும் இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே பல் மருத்துவரிடம் இந்த ஊசியின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். குளியலறையில் வழுக்காத மிதியடி ஒன்று போடுங்கள். எலும்பு மெலிந்திருக்கும்போது ஒரு சறுக்கல் போதும், இடுப்பு முறிந்துவிடும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, பரவிய புரோஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை லூப்ரோலைடு ஊசியும், தினமும் அபிராட்டரோன் 250 மி.கி. மாத்திரை நான்கும், பிரெட்னிசலோனும் தருகிறார்கள். வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னார்கள். ஆனால் வயிறு எரிகிறது என்று அப்பா இட்லிக்குப் பிறகே விழுங்குகிறார். மாத்திரைகளை என் மனைவிதான் டப்பியில் பிரித்து வைப்பாள், விழுங்கக் கஷ்டமாக இருக்கும் நாளில் பொடித்தும் தருவாள். அவள் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டு விஷயங்களை இன்றே மாற்றுங்கள்.

முதலாவது, மாத்திரையை உங்கள் மனைவி தொட வேண்டாம். அபிராட்டரோன் ஆண் ஹார்மோன் உருவாவதையே தடுப்பது. வயிற்றில் வளரும் குழந்தையை அது பாதிக்கக் கூடும் என்பதால், கர்ப்பிணிகளும் கருவுற வாய்ப்புள்ள பெண்களும் பூச்சில்லாத மாத்திரையையோ உடைந்த மாத்திரையையோ கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது விதி. பொடிப்பது அதைவிட மோசம், தூள் விரலிலும் மூச்சிலும் போகும். இதுவரை தொட்டுவிட்டாளே என்று இருவரும் கலங்க வேண்டாம், அடுத்த பரிசோதனையின்போது மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இனி நீங்களோ அப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை முழுதாகத் தண்ணீரோடு விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வீட்டில் நுணுக்காதீர்கள்.

இரண்டாவது இட்லி. உணவோடு சேரும்போது இந்த மருந்து உடம்பில் பல மடங்கு அதிகமாக உறிஞ்சப்படுகிறது, எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடாக இருந்தால் பத்து மடங்கு வரைகூடப் போகும். நான்கு மாத்திரைக்குச் சொன்ன அளவு வெறும் வயிற்றைக் கணக்கிட்டுச் சொன்னது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. விடியற்காலையில் எழுபவர் என்றால் ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு இட்லி என்று வைத்துக்கொண்டால் சுலபம். பிரெட்னிசலோனை மட்டும் இட்லிக்குப் பிறகு தரலாம், வயிற்றெரிச்சல் பெரும்பாலும் அதனால்தான் வரும். வேறு சில வீடுகளில் 250 மி.கி. மாத்திரை ஒன்றை மட்டும் உணவோடு சாப்பிடச் சொல்லி மருத்துவரே எழுதியிருப்பார். அது இந்த உறிஞ்சும் தன்மையைப் பயன்படுத்திச் செலவைக் குறைப்பதற்கான ஒரு முறை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சாப்பிடுகிறாரே என்று அப்பாவின் முறையை மாற்றிவிடக் கூடாது, அவருடைய சீட்டில் எழுதியிருப்பதுதான் அவருக்கு.

பிரெட்னிசலோன் எதற்கு என்று பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அபிராட்டரோன் கார்ட்டிசால் சுரப்பையும் சேர்த்துக் குறைப்பதால், உடல் அதை ஈடுகட்டப் போராடும்போது இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கி, கால் வீங்கும். அதைத் தடுக்கவே இந்தச் சிறு ஸ்டீராய்டு மாத்திரை. சர்க்கரை கூடுகிறது என்று அதை நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. வாந்தி பேதியால் ஒரு நாள் முழுவதும் மாத்திரை தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய், "ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனையும், மாதம் ஒரு முறை பொட்டாசியமும் பார்ப்பது வழக்கம். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் வாரம் ஒரு நாள் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுவது, அப்பாவுக்கு அது வேண்டாம்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. லூப்ரோலைடு முதல் தடவை போட்டதும், ஓரிரு வாரம் ஆண் ஹார்மோன் குறையாமல் மேலே ஏறிவிட்டுத்தான் பிறகு சரியும். அதைத் தாண்டுவதற்காகவே முன்கூட்டி பிகாலுட்டமைடு போன்ற மாத்திரை தருகிறார்கள். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைக் கடந்திருப்பார். புதிதாக ஊசி தொடங்கும் மற்றவர்கள், அந்த இரு வாரத்துக்குள் முதுகு வலி திடீரென அதிகமானாலோ, கால் துவண்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ அதே இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டு அழுத்தப்பட்டிருந்தால் ஒரு நாள் தாமதமும் காலை முடக்கிவிடக் கூடும். ஊசியின் தேதியையும் தள்ளிப்போடாதீர்கள். கடையில் வாங்கி எடுத்துப் போகும் வகையென்றால் பெட்டியில் எழுதியுள்ள வெப்பநிலையைப் படியுங்கள், குளிரில் வைக்க வேண்டிய வகைகளும் உண்டு, அறை வெப்பத்தில் இருக்கலாம் என்ற வகைகளும் உண்டு.

கேள்வி: குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் என் மகளுக்கு லெட்ரோசோல் எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்கிறது. பயமாக இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: மருந்து ஒன்றே, பயன்படுத்தும் விதம்தான் வேறு. மாதவிடாயின் தொடக்க நாள்களில் ஐந்து நாள் மட்டும் கொடுத்து ஈஸ்ட்ரோஜனைச் சற்றே தாழ்த்தினால், மூளையடிச் சுரப்பி விழித்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டி முட்டையை வளர்க்கும். இந்தியாவில் 2011-இல் இந்தப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் அது நீக்கப்பட்டது. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு முதலில் தரவேண்டிய மருந்தாக 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் இதையே குறிப்பிடுகிறது. தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். போன மாதத்துச் சீட்டைக் காட்டி இந்த மாதமும் கடையில் வாங்கிக்கொள்வது மட்டும் கூடாது.

கேள்வி: தைராய்டு அதிகம் சுரப்பதால் இரண்டு மாதமாகக் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். மூன்று நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருப்பதால், பாராசிட்டமாலோடு தொடர்கிறேன். (வாசகி, சேலம்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் உடனே பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம். மேலே எல்லோரிடமும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொன்ன நான், இங்கே நேர்மாறாகச் சொல்கிறேன்: கார்பிமசோல் எடுப்பவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், அல்லது வாயில் புண் வந்தால், அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு வீழ்த்திவிடும். அந்த நிலையில் சாதாரணத் தொண்டைத் தொற்றும் இரண்டு நாளில் உயிரைக் கேட்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் சொன்னபடி மறுபடி தொடரலாம், பரிசோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடுமே தவிர இதைக் காட்டாது. கண் மஞ்சளித்தாலும், மாதவிடாய் தள்ளிப்போனாலும் அதே அவசரம் காட்ட வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

கேள்வி: 58 வயது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு டுடாஸ்டரைடு எடுக்கிறேன். புரோஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 4-லிருந்து 2-க்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி அடையலாமா? இரத்த தானம் செய்யலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மகிழ்ச்சியைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். இந்த மருந்தை ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தால் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் மருத்துவர் படிப்பார். ஆய்வகச் சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறகு எண் மறுபடி ஏறத் தொடங்கினால், அது சாதாரண எல்லைக்குள் இருந்தாலும் காட்டுங்கள். இரத்த தானத்தை மருந்து நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை செய்ய வேண்டாம், அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதிலுள்ள மருந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக் கூடும். தலைமுடிக்காக ஃபினாஸ்டரைடு எடுக்கும் இளைஞர்களுக்கு அது ஒரு மாதம்.